இடது கால்

மரியான்ஹில் சுங்கச்சாவடி, ஏழாம் கூண்டு.
நிற்பவர்களைப் போகவிடுவது என் வேலை.
ரேண்டை வாங்கு, சீட்டைக் கொடு, கம்பியைத் தூக்கு.
புறப்படத் தெரியாமல் புறப்படுகிறவர்கள்
எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்:
மிதித்துவிட்டுப் பிறகு யோசிப்பவர்கள்,
யோசித்து முடிப்பதற்குள் பின்னால் ஹாரன் வாங்குபவர்கள்.

சனி இரவு என் முறை.
உம்கோமாஸ் தாண்டி, கரும்புக்கு நடுவே
பழைய விமான ஓடுதளம். கடலின் ஈரம்
பானெட்டில் முத்து முத்தாய்ப் பூத்திருக்கிறது.

என் வேலியண்ட் என்னைவிட ஆறு வயது மூத்தது.
மூன்று கியர். தானே மாற்றிக்கொள்ளும்.
"கிளட்ச் இல்லாத வண்டிக்கு இடது கால் எதற்கு?
வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாமே,"
கோல்ஃபில் சாய்ந்தபடி கிரீசன் நாயக்கர்.
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
ஆட்டோமேட்டிக் என்றால் மாமிகளின் வண்டி,
மார்க்கெட்டுக்குப் போய்வர.

முதலில் தண்ணீர்.
பின்சக்கரத்தை நனைத்து, சுழற்றி, புகையவிட்டு
ரப்பரைப் பாகுபோல் கம்பிப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.
பதம் தப்பினால் தரை கைவிடும்.

பிறகு ஊர்ந்து வருதல்.
முதல் சிறு விளக்கு. அடுத்ததற்கு ஒரு சாண்.
அந்தச் சாணை அவசரக்காரர்கள் மதிப்பதில்லை.
இரண்டாவது விளக்கு கண் திறந்த கணத்திலேயே நின்றுவிட்டால்
கடிகாரம் விழிக்குமுன்
சக்கரம் சற்று உருண்டுகொள்ளலாம்.
சட்டத்துக்குள் கிடைக்கும் ஒரே சலுகை.

இனி இடது கால், பிரேக்கில்.
வலது கால் மெல்ல இறங்குகிறது.
கன்வர்ட்டருக்குள் எதிரெதிராய் இரண்டு விசிறி:
ஒன்று எண்ணெயை வாரி வாரி வீசுகிறது,
மற்றது திரும்பமாட்டேன் என்கிறது.
ஆயிரத்து எண்ணூறு.
இரண்டாயிரம்.
வண்டி ஒரு தோளை மட்டும் தூக்குகிறது.
இரண்டாயிரத்து இருநூறு வரை பிரேக் தாங்கும்,
முந்நூறில் பின்சக்கரம் என்னைத் தள்ளிவிடும்.
இடையில் உள்ள நூறு சுற்றுதான்
எனக்கு வாய்த்த நிலம்.
அதிலும் மூன்று வினாடிக்கு மேல் குடியிருக்க முடியாது.
போன மார்ச்சில் இருந்து பார்த்தேன்.
கியர்பெட்டி எண்ணெயை முகர்ந்த சடையன் படையாச்சி
வாயைத் திறக்கவில்லை, பில்லைத்தான் நீட்டினார்.

நகராமல் இருப்பதை ஓய்வு என்பவர்கள்
இந்தப் பக்கத்து இருக்கையில்
மூன்று வினாடி உட்காரட்டும்.

மஞ்சள்.

மஞ்சள்.

மூன்றாவது மஞ்சள் எரியும்போதே கிளம்பிவிட வேண்டும்.
பச்சையைப் பார்த்துப் புறப்படுகிறவன்
பச்சையை மட்டும்தான் பார்ப்பான்.
பிரேக்கிலிருந்து இடது கால் வழுக்க, அதே மூச்சில் வலது அமிழ,
கழுத்து பின்னால் எங்கோ தங்கிவிட,
பக்கத்துத் தடத்தில் கோல்ஃபின் முன்சக்கரங்கள்
நின்ற இடத்திலேயே அலறுவது கேட்டது.

பிறகு அவன் வந்தான். சும்மா சொல்லக்கூடாது,
எப்படி வந்தான்!
கடைசி நூறு மீட்டரில் அவன் கண்ணாடி
என் கதவருகே வந்துவிட்டது.

காரவன் ஜன்னலில் மாலினி மூட்லி நீட்டிய சீட்டு:
அவன் ஓட்டம் பதினான்கு புள்ளி ஐந்து மூன்று,
என்னுடையது பதினான்கு புள்ளி ஆறு இரண்டு.
வென்றது நான்.
"ஓட்டத்தில் நான்தானே வேகம்," என்று
மூன்று முறை கேட்டான்.
"ஆமாம்," என்றேன் மூன்று முறையும். உண்மைதானே.
நான் புறப்பட்டபோது அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்,
அவ்வளவுதான்.

அடுத்த சுற்றில் எனக்குச் சிவப்பு.
வினாடியை ஆயிரமாய் நறுக்கினால்
அதில் நான்கு துண்டு முந்திவிட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

திங்கள் காலை, ஏழாம் கூண்டு.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் கோழி லாரிக்காரர்
சட்டைப்பை, கால்சட்டைப்பை, சாம்பல் கிண்ணம் எல்லாம்
தேடிக்கொண்டிருக்கிறார்.
பின்னால் பதினோரு வண்டி.
கம்பியின் பொத்தான்மேல் என் விரல்.
மேசைக்கு அடியில்
இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது,
யாரும் சொல்லாமலே.