மேற்பரப்பு இரைச்சல்

ஒரே இரவில் வாசித்ததுதான் இரண்டும்.
ஒரே மண்டபம், ஒரே நாடா,
மேடையில் அதே எண்பது பேர்.

முதல் தட்டு அறுபத்தெட்டில் ஜேர்மனியில் அச்சானது.
ஒப்பந்தம் முடிந்து மாத்தியாஸ் நாடு திரும்பும்போது
பெட்டி நிறை கூடிவிட்டதென்று
பிளேயரோடு சேர்த்து என்னிடம் விட்டுப்போனது.
மற்றது மறுபதிப்பு. நூற்றெண்பது கிராம்.
ரொறன்ரோவிலிருந்து மச்சாள் கொண்டுவந்தாள்,
இரண்டு சேலைக்கு நடுவில் வைத்து,
"இதுக்கே இவ்வளவு காசு" என்றபடி.

மாங்குளத்தில் ஏழு மணிக்குக் கறன்ட் ஒருமுறை தள்ளாடும்.
அப்போது போட்டால் எண்பது பேரும்
சேற்றில் இறங்கியதுபோல் சுதி தாழ்வார்கள்.
அரிசி ஆலை நிற்கும்வரை காத்திருப்போம்
லோஜினியும் நானும்,
முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல்.

பகலில் நாங்கள் கேட்பது வேறு.
முகக்கவசத்துக்குள் வியர்வை,
காதில் டிடெக்ரர்.
மண்ணுக்கும் ஒரு முனகல் உண்டு.
கிறவல் ஒருவிதம், குளத்தோரக் களி இன்னொருவிதம்.
அதைச் சமன்செய்து கழித்தபின் மிஞ்சுகிற சத்தத்துக்குத்தான்
சம்பளம்.
அநேகமாகச் சோடா மூடி. ஆணி.
ஒருமுறை ஒரு கொலுசுக் கொழுவி.
எதுவென்று தெரியும்வரை எல்லாவற்றுக்கும்
ஒரே மரியாதை, ஒரே அரை மணித்தியாலம்.

ஆகவே தட்டையும் அப்படியே பிரித்தோம்,
சாண் சாணாக.
பழையதில் வயலின்கள் கொஞ்சம் தகரம்;
இரண்டாம் பக்கம் முடிகிற இடத்தில்
ஊசி நடுவை நெருங்க நெருங்க
எக்காளத்துக்குத் தொண்டை கட்டுகிறது.
புதியதில் எல்லாருக்கும் இருக்க இடம் இருக்கிறது.
கொன்ரபாஸ்காரர் எட்டுப் பேரையும் எண்ணலாம்.
பேரிகையில் குச்சி விழுமுன்
காற்று ஒதுங்குவதுகூட.

"புதுசுதான் திறம்" என்றாள் லோஜினி.
கொப்பியில் நானும் அதையே எழுதினேன்.
பழசென்றால் உருகுகிற பழக்கம் எனக்கில்லை.

பிறகு, முதல் பகுதி முடிந்து
மெதுவான பகுதி தொடங்குமுன்
ஒரு இடைவெளி.
பழையதில், அங்கே ஒருவர் இருமுகிறார்.
இடப்பக்கம், பின்வரிசையாக இருக்கலாம்.
அடக்கப் பார்த்து, முடியாமல்,
பாதி இருமல்.
பின் நாடாவின் சீறல், ஒரு கதிரை நகர்வது,
அதற்குப் பிறகுதான் வியோலாக்கள்.

புதியதில் அந்த இடம் வெறும் கறுப்பு.
நல்ல வேலைக்காரன் துடைத்திருக்கிறான்.
விளிம்பைத் தேடினேன்,
ஹெட்போனைப் போட்டும் தேடினேன்,
அகப்படவில்லை.

ஆறு தடவை மாற்றி மாற்றிப் போட்டோம்.
ஏழாவதுக்கு லோஜினி
கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து இருந்தாள்.
அவளுக்கு இடது காது
இரண்டாயிரத்து ஒன்பதோடு சரி;
இடப்பக்கத்தைக் கேட்க
அறையைத்தான் திருப்ப வேண்டும்.

"வெளியில நல்ல குளிர் போல," என்றாள்.
"வீட்ட போய் மல்லித்தண்ணி குடிச்சிருப்பாரோ?"
"அங்க எங்கால மல்லி?"
"அப்ப வேற ஏதாவது."
ஊசியைத் தூக்கச் சொல்லவில்லை.
வியோலாக்கள் தொடங்கின.
அவள் இன்னும் சுவரைப் பார்த்தபடியே.

நான் துப்புரவாக்கிய நிரலை
அடுத்த நாள் அவள் தன் கருவியோடு வந்து
முதலில் இருந்து பார்ப்பாள்.
அது சட்டம்; நான் கோபிப்பதில்லை.
இரண்டு பேர் ஒப்பமிட்டால்தான்
வெள்ளைக்கட்டை நடலாம்.

அன்றிரவு கொப்பியில் 'திறம்' என்றதை வெட்டவில்லை.
மறுபதிப்பின் உள்ளுறையில் மட்டும்
பென்சிலால் எழுதி வைத்தேன்:

முதற்பக்கம், பன்னிரண்டாம் நிமிடம்.
இடதில் ஒருவர்.
மீள்பரிசோதனை தேவை.

அவளிடம் நீட்டினேன்.
திகதி போட்டு
ஒப்பமிட்டாள்.