முப்பத்தொன்பது நிமிடம்

ஐயா,
காரணம் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது.
மலாயில் ஒரு பக்கம் பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.
இது கொடுக்காத பக்கம்.

பினாங்கு ரோட்டுக் கட்டடம், இரண்டாம் மாடி,
ஆயுத உரிமப் பிரிவு, கவுண்டர் எண் மூன்று.
செவ்வாய்க்கிழமை. மழை.
குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே பிடித்தபடி நின்றார் அந்த அம்மா.
பெயர் குணமாலை. பட்டர்வொர்த்திலிருந்து
காலை ஃபெரியில் வந்தாராம்.

கேட்டது ஒரே கேள்வி:
"அவர்கிட்ட இன்னும் துப்பாக்கி இருக்கா?
விவாகரத்துக்குப் போட்டிருக்கேன்.
அடுத்த வாரம் பாலேக் பூலாவ் வீட்டுக்கு
என் துணிமணி எடுக்கப் போகணும்."

விதி எனக்குத் தெரியும்.
உரிமம் பெற்றவரின் விவரம்
அவருக்கும் அரசுக்கும் மட்டும்.
அதை அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டியவளே நான்.
செலோட்டேப் மஞ்சளாகிவிட்டது.

புகார் எண் இருந்தால் அதிகாரி கேட்பார்,
அவர் கேட்டால் நான் தேடுவேன் என்றேன்.
கீழே போய் எழுதிக் கொடுங்கள் என்றேன்.
அவர் படியிறங்கினார்.
குடை சொட்டிக்கொண்டே போனது.

அப்போது மணி பத்து நாற்பத்திரண்டு.
அப்போதுதான் தட்டினேன்.

லட்சுமணன்.
பதிவு இல்லை.

இந்த இரண்டு சொல்லை நம்பி
ஒரு பெண்ணை ஒரு வீட்டுக்குள் அனுப்பிவிடலாம், ஐயா.

எங்கள் பெயர்கள் உங்கள் எழுத்துக்குள்
நுழைந்த கதை வேறு.
பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்துக் கிராணி எழுதியது ஒன்று,
பள்ளிக்கூடத்தில் ஒன்று,
அடையாளக் கார்டில் இன்னொன்று.
என் சித்தப்பாவும் லட்சுமணன்தான்.
மூன்று தாளில் மூன்று ஆள்,
பென்ஷன் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

டி சேர்த்துப் பார்த்தேன். இல்லை.
டி-க்குப் பின் சி-எச். இல்லை.
நடுவில் ஓர் ஐ.
வந்தார்.

ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர்.
நோக்கம்: டுரியான் தோட்டம், அணில், குரங்கு.
தோட்டா: ஆண்டுக்கு ஐம்பது.
கடைசியாகப் புதுப்பித்தது: பதினோர் ஆண்டு முன்பு.
ஒப்படைத்த நாள்:

அங்கே ஒன்றுமில்லை.
ஒரு கோடுகூட இல்லை.

பழைய அட்டையிலிருந்து அதை ஏற்றியது யாரென்று
கீழே ஒரு குறியீடு இருக்கும்.
என்னுடையது.
நாளைக்கு நூற்றிருபது அட்டை என்று கணக்கு.
வெற்றுக் கட்டத்தைப் பார்த்திருப்பேன்,
பார்த்துவிட்டு நூற்றுப் பதினேழாவதிலிருந்து
நூற்றுப் பதினெட்டுக்குப் போயிருப்பேன்.
தேநீர் குடித்திருப்பேன்.

கீழே இறங்கினேன்.
புகார் மேசையில் கான்ஸ்டபிள்
கணவர் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.
குணமாலை என்னைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்க்கவில்லை.
"நடுவில் ஐ வரும்" என்றேன் கான்ஸ்டபிளிடம்.

நான் வெளியிட்ட அரசாங்கத் தகவல்
அந்த ஓர் எழுத்துதான்.

புகார் எண் பதிந்த நேரம் பதினொன்று இருபத்தொன்று.
நான் தேடியது அதற்கு முப்பத்தொன்பது நிமிடம் முன்னால்.
நான்கு தேடல், நான்கு எழுத்துக்கூட்டல், ஒரு பயனர்.
எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறது,
ஒரு நொடிகூடத் தவறவில்லை.
பதினோர் ஆண்டு ஒரு துப்பாக்கியைத் தவறவிட்ட இயந்திரம்
என் விரலைத் தவறவிடவில்லை.

பிறகு என்ன நடந்தது?
இன்ஸ்பெக்டர் போனாரா, அலமாரி திறந்ததா,
குழல் ஒப்படைக்கப்பட்டதா, தெரியாது.
வெள்ளிக்கிழமையோடு என் கடவுச்சொல்லை எடுத்துவிட்டீர்கள்.
இப்போது நானும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
குடையோடு.

மலாய்ப் பதிலில் காரணம் என்ற இடத்தில்
"எழுத்துப்பிழை சரிபார்ப்பு" என்று போட்டிருக்கிறேன்.
பொய்யில்லை.

இப்படிக்கு,
ப. யோகமலர்

பின்குறிப்பு: உங்கள் கடிதத்தில்
என் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது.
இன்னொரு நாள் யாராவது என்னைத் தேடினால்
கிடைக்கமாட்டேன்.