வருகைப் பதிவேடு

ராணிப்பேட்டை சிப்காட், இரண்டாம் கேட்.
பதினோரு வருடமாக இந்த நோட்டை நான்தான் எழுதுகிறேன்:
லாரி எண், தோல் கட்டு, உள்ளே, வெளியே.

இன்று சியோலிலிருந்து ஒரு பையன்,
ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் மெஷினைச் சரிபார்க்க.
பெயர் கேட்டேன்.
‘நாம்’ என்றான்.

பேனா நின்றுவிட்டது.

கணியம்பாடியிலிருந்து மலாயாவுக்குப்
பால் வெட்டப் போனவர் என் அப்பா எத்திராசு.
ஜப்பான்காரன் சயாமுக்கு ஓட்டிப்போனான், ரயில் போட.
காவலுக்கு நின்றவன் பெயர் மினாமி.
மூங்கில் கழியால் முட்டிக்குக் கீழேதான் அடிப்பான்,
ஜப்பான் கணக்கில் எண்ணிக்கொண்டே.

காலரா கொட்டகைக்கு வெளியே ஒரு மழை ராத்திரி.
பிணம் தூக்கிய கையை அப்பா சுண்ணாம்புத் தண்ணியில் கழுவ,
அவன் பாதி சிகரெட்டை நீட்டினான்.
மினாமி இல்லை என்று கையை ஆட்டினான்.
கொரியா, என்று நெஞ்சைத் தட்டினான்.
சேற்றில் கழியால் நம் ‘ட’ போல ஒன்று,
பக்கத்தில் கிளை விட்ட கோடு, அடியில் ஒரு பெட்டி.
‘நாம்.’
உடனே பூட்ஸால் அழித்தான்.

“இன்னாடா இது,
அடிக்கறவனும் அடிபடறவனும் சேந்து நாமா?”

நாங்கள் என்றிருந்தால்
அப்பா வெளியே நின்றிருப்பார்.

காலையில் ஆள் எண்ணும்போது
வாய் தவறியோ, வேண்டுமென்றோ
(கடைசிவரை மாற்றி மாற்றித்தான் சொன்னார்)
அப்பா கூப்பிட்டுவிட்டார்: நாம்!
ஜப்பான் அதிகாரி மினாமியை அறைந்தான்.
மினாமி அப்பாவை அறைந்தான்.
முன்பல் இரண்டு போனது.

பல் போனதில் எத்தனையோ எழுத்து
அப்பா வாயில் நழுவிப்போனது.
‘ம்’ மட்டும் தங்கியது.
அதற்குப் பல் வேண்டாம்,
வாயை மூடினால் போதும்.

மன்னித்தாரா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.
முட்டி வலிக்கும் மழைநாளில்
மினாமியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்.
அந்த இன்னொரு பெயரைத் தொடமாட்டார்.
காட்பாடிக்குப் போனாலும் பஸ்தான்.

பையன் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு காத்திருந்தான்.
அவன் ஊரில் அந்தப் பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தமிழில் எழுதி உள்ளே விட்டேன்.

ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த முனிரத்தினம்
பக்கத்தைப் புரட்டிக் கேட்டான்:
“இன்னாண்ணே, உள்ள போனது யாரு?
நாம்னு போட்டுக்கிறே.
வெளிய வந்த டைம் காணோமே?”