பின்வாசல் புள்ளி

நாலு நம்பர் சொல்லுங்க என்பேன்.
வணக்கம் போய் இப்போது
அதுதான் முதலில் வாயில் வருகிறது.
கொப்புடையம்மன் கோயிலடியில் ஒருநாள்
பூக்காரியிடமும் கேட்டுவிட்டேன்.
அவளும் யோசிக்காமல்
ஆறு ஆறு ஒண்ணு மூணு என்று சொல்லி
முழம் போட்டாள்.

பஞ்சவர்ணம் என்று பேர் விழுந்ததும்
சிலர் சவாரியை ரத்து செய்வார்கள்.
சிலர் முன்கதவைத் திறந்து, என்னைப் பார்த்து,
மூடி, பின்னால் போய் உட்காருவார்கள்.

கானாடுகாத்தானில் ஒரு வீடு
இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.
மேப் எப்போதும் பின்வாசலில்தான் புள்ளி வைக்கும்.
"எங்க நிக்கிறீங்க?"
"உங்க வாசல்லதான் சார்."
"வாசல்ல நான்ல நிக்கிறேன்!"
இரண்டும் நிஜம்.
காத்திருப்புக் காசு மட்டும் யாரையும் கேட்காமல் ஏறியது.
உள்ளே நடந்தால் இருநூறு அடி.
நடுக்கதவுச் சாவி ஈப்போவில்
பங்காளி வீட்டு மேசைக்குள் இருக்கிறதாம்.
பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றி
வயிரவன் சார் வந்து சேர்ந்தபோது
சட்டை நனைந்திருந்தது.
தண்ணீர் கேட்டார். என் பாட்டிலைத் தந்தேன்.
அடுத்த முறை உஷாராக நான் முன்வாசலுக்குப் போனேன்.
அவரும் உஷாராகப்
பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

போனில் பேசுகிறவர்களுக்கு
டிரைவருக்குக் காது கிடையாது.
செக்காலையிலிருந்து காலேஜ் ரோடு போவதற்குள்
யார் வீட்டு வைரத்தோடு எந்த வங்கியில் கிடக்கிறது,
எந்த மாப்பிள்ளைக்கு எத்தனை பவுன் குறைகிறது,
எல்லாம் தெரிந்துவிடும்.
கண்ணாடியில் என் கண் பட்டதும் குரல் இறங்கும்.
கண்தான் கேட்கிறது போல.

கோட்டையூர் பொன்னழகு மாஸ்டர்
ஆளுயரக் கரண்டியை
முன்சீட்டிலிருந்து பின்கண்ணாடிவரை சாய்த்துவைத்து
"இதுக்கும் பெல்ட் போடணுமா?" என்று கேட்டவர்.
இறங்கும்போது நட்சத்திரம் அழுத்தினார்.
ஒன்றே ஒன்று.
மறுவாரம் மறுபடி ஏறினார், கேட்டேன்.
"ஒண்ணுன்னா முதலிடம்தானே ஆத்தா,
அஞ்சாவதா வர்றவனையா பாராட்டுவாக?"
அவர் சொல்வதிலும் என்ன தப்பு.

விடிகாலைப் பல்லவனுக்கு ஜெசிந்தா.
சென்னையில் இன்டர்வியூ, மடியில் ஃபைல்.
ஸ்டேஷனுக்குள் நாங்கள் திரும்பும்போது
கடைசிப் பெட்டியின் முதுகுதான் தெரிந்தது.
"புதுக்கோட்டையில பிடிச்சிரலாமாக்கா?"
பிடித்திருக்கலாம்.
திருமயத்துக்கு முன்னால் கிடை மாற்றும் மந்தை ஒன்று
சாலை முழுக்கத் தன்னுடையது என்று நின்றது.
அவள் கத்தவில்லை. ஆடுகளை எண்ணினாள்,
நாற்பத்தொன்று வரை.
பிறகு பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடினாள்.
வேலை கிடைத்ததா என்று
எந்தச் செயலியும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி பெரியாஸ்பத்திரி வாசலில் ஏறியவர்
நம்பரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னார்.
மூன்றாவது தடவை போனையே நீட்டினார்.
பள்ளத்தூர்வரை ஒன்றும் பேசவில்லை.
மடியில் ஜவுளிக்கடைப் பை.
மீதிச் சில்லறை வேண்டாமென்று இறங்கிப் போனார்.
பை பின்சீட்டில் இருந்தது.
உள்ளே ஒரு ஜோடி பெண்செருப்பு,
குதிகால் ஒருபக்கமாய்த் தேய்ந்தது,
வாரில் ஊக்கு குத்தியது.

மறந்த பொருள் பற்றிப் புகார் ஏதுமில்லை
என்கிறது செயலி.
அந்தத் தெரு எனக்குத் தெரியும்.
இரண்டு முறை அதன் முனைவரை போய்
வேறு சவாரி வந்துவிட்டதென்று திரும்பிவிட்டேன்.
ஒருமுறை உண்மையிலேயே வந்தது.

நேற்று ஒரு சிறுமி
சீட்டுக்கடியில் கால் தட்டிக் குனிந்து பார்த்து
"யார் செருப்பு ஆன்ட்டி?" என்றாள்.
என்னுது என்றேன்.
பிரேக்கில் இருந்த என் காலை எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
இடதையும் வலதையும் சேர்த்துவைத்துவிட்டு
தன் காலை மேலே மடக்கிக்கொண்டாள்.