எதிரி 14

உருவம் தயார்.
நீல விலா எலும்பு, தாடையில் தொங்கும் பனிக்கூர்கள்,
மூன்று விநாடி ஊதினால்
ஆடுகிறவன் நின்ற இடத்திலேயே கல்.
வாயைத் திறந்தால் மட்டும் ஊமை.
அந்த வாய்க்கு ஒரு மூச்சு கொண்டுவா என்று
மாலாடிலிருந்து அனுப்பினார்கள் என்னை,
மே மாதக் கடைசியில்.
பனி என்று நான் கண்டதெல்லாம்
ஃப்ரீசர் ஓரத்தில் கத்தியால் சுரண்டியதுதான்.

சசூன் டாக், விடிகாலை நாலரை.
செருப்புக்குள் மீன் தண்ணீர்.
ஐஸ் அரைக்கும் எந்திரத்துக்குள்
இடுப்புயரப் பாளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்
சுடலைமணி,
பேச்சு திருநெல்வேலியில், வசவு மராத்தியில்.
"மூச்சா? ஐஸுக்கா?"
மைக்கைப் பார்த்ததும்
சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பாளம் உள்ளே போகும்.
முதலில் ஒரு கிறீச், பிறகு நறநற,
பிறகு கூடைகளில் கொட்டும் வெள்ளை இரைச்சல்.
நாற்பது முறை பதிந்தேன்.
நாற்பதிலும்
பாளம் விழ ஒரு கணம் முன்னால்
அவர் இருமினார்.

ஊருக்கெல்லாம் வியர்க்கும் மாதத்தில்
மஃப்ளர் கட்டியிருந்த ஒரே கழுத்து.

செலவுச் சீட்டில் எழுதினேன்:
டாக்ஸி தொள்ளாயிரம், தேநீர் முப்பது.
இருமலுக்கு அதில் கட்டம் இல்லை.

ஒலியறையில் அதைத்தான் முதலில் வெட்டினேன்.
வெட்டிய பிறகு கேட்டால்
மிக்ஸி ஓடுகிற மாதிரி இருந்தது,
கோபமில்லை, பசியில்லை, யாருமில்லை.
திரும்ப ஒட்டினேன்.
சுருதியை இரண்டு படி இறக்கினேன்.
எதிரி 14 தலையைத் தூக்கி
என்னைப் பார்த்தது.

இப்போது ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்:
இருமல் கேட்டால் இடப்பக்கம் உருள வேண்டும்.
ஒரு கணம் தாமதித்தால் கல்.
என் தம்பி அகிலன் கண்ணை மூடிக்கொண்டே
கொன்றுவிடுகிறான் அதை,
காதை மட்டும் நம்பி,
இரவுக்கு ஏழெட்டு முறை.

மீன்பிடித் தடை முடிந்து
படகுகள் இறங்கிய ஆகஸ்டில் மறுபடி போனேன்.
ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு
ஹெட்போனை வாங்கி மாட்டினார்.
அலறலை, நறநறப்பை, உறைகிறவனின் கடைசிக் கூச்சலைக்
கண் சுருக்கிக் கேட்டார்.
பின் கழற்றித் தந்தார்.

"எவம்ல இது, பாவம்.
டாக்டர்ட்ட காட்டச் சொல்லும்மா."

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த பாளத்துக்குக் குனிந்து
இருமினார்.

என்னை அறியாமல்
இடப்பக்கம் ஓரடி நகர்ந்திருந்தேன்.