தனி வளை

முதல்முறை ஒக்சானா எனக்குச் சிலந்தி தரவில்லை.
"வீடு இருக்கிறதா?" என்றாள்.
இருக்கிறது, இரண்டு அறை, ஹீட்டர் உண்டு என்றேன்.
"உனக்கில்லை."

போனில் பழைய மீன்தொட்டியைக் காட்டினேன்.
மீன்கள் என்ன ஆயின என்று அவள் கேட்கவில்லை.
உயரத்தைத்தான் பார்த்தாள்.
"டாரன்டுலாவுக்கு ஏறத் தெரியும். விழத் தெரியாது.
ஒரு சாணுக்கு மேலிருந்து விழுந்தால்
வயிறு கிழிந்துவிடும்.
மண்ணை நிரப்பு. வானத்தைக் குறை."

சாஸ்கட்டூனில் வாடகை வீடு தேடி அலைந்த மாதங்களில்
என்னிடம்கூட யாரும் இத்தனை கேட்டதில்லை.

கடையில் தேங்காய்நார்த் தூளைக்
கட்டியாக விற்கிறார்கள், செங்கல் அளவில்.
உறையில் பொள்ளாச்சி என்று போட்டிருந்தது.
நான் பொள்ளாச்சி போனதில்லை.
வரப்போகிறவள் ஹோண்டுராஸ் போனதில்லை.
வெந்நீர் ஊற்ற ஊற்ற
நான்கு கட்டிகள் பொங்கிக்
குளியல் தொட்டியைப் பிடித்துக்கொண்டன.
இரண்டு நாள் நான் குளிக்கவில்லை.

ஈரம் எவ்வளவு?
ஒக்சானா ஏதோ சதவீதம் சொன்னாள்.
என் கைக்குப் புட்டுமாவுக் கணக்குதான் வந்தது:
பிடித்தால் பிடிபட வேண்டும்,
உதிர்த்தால் உதிர வேண்டும்.
டம்ளரின் அடியால் அழுத்தி அழுத்தி
முக்கால் தொட்டிக்குத் தரை ஏற்றினேன்.

கம்பிவலை மூடி ஆகாது, நகம் மாட்டிக்கொள்ளும்.
பஸ் டிப்போவில் மெல்வின்
அக்ரிலிக் தகட்டில் துளை போட்டுத் தந்தான்.
சுவரில் பல்லி நிழல் பார்த்தாலே
நாற்காலி மேல் ஏறுகிறவன்.
ஒவ்வொரு துளைக்கும் ட்ரில்லை நிறுத்தி,
"இது வழியாக வராதே?" என்றான்.
அறுபத்து நான்கு முறை.
அவன் பயத்தைப் போல நேர்த்தியான வேலையை
நான் கண்டதில்லை.

விளக்கு, சூட்டுப்பாய் எதுவும் வேண்டாமாம்.
ஸ்வெட்டர் இல்லாமல் நீ உட்காரக்கூடிய அறை
அதற்கும் போதுமாம்.
நான் ஸ்வெட்டரோடுதான் உட்கார்வேன்.
மூன்று குளிர்காலமாகப் பதினேழில் கிடந்த முள்ளை
இருபத்திரண்டுக்குத் திருப்பினேன்.
குழாய்கள் திடுக்கிட்டு
ஒருமுறை இருமின.

இரண்டாம் முறை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
வளைந்த மரப்பட்டை, சரி.
தண்ணீருக்கு ஊறுகாய் மூடி, சரி.
"அந்தக் கூரான கல் எதற்கு?"
அழகுக்கு.
"யாருக்கு?"

எடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்த பிறகே
தயிர் டப்பா கைக்கு வந்தது.

மைனஸ் முப்பத்தொன்று.
கோட்டுக்குள், சட்டைக்கு மேல், விலாவோரம்
எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு அவள்.
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்
மதியச் சாப்பாடு என்று நினைத்திருப்பார்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
பிரேக் போடுமுன் நான் மூச்சை நிறுத்தினேன்.

டப்பாவைத் தொட்டிக்குள் சாய்த்துத் திறந்து வைத்தேன்.
நாற்பது நிமிடம்.
ஒரு கால் வந்தது.
மண்ணைத் தொட்டுத் திரும்பிப் போயிற்று.
பிறகு வேறொரு கால், முதல் கால் சொன்னதை
நம்பாததுபோல.

அன்றிரவு கண்ணாடியில் ஏறினாள்.
கீழே என் உள்ளங்கை,
மூடியிருந்த தொட்டிக்கு வெளியே,
ஒன்றுக்கும் உதவாமல் விரிந்திருந்தது.

நான்கு நாள் வெட்டுக்கிளியைத் தொடவில்லை.
ஐந்தாம் காலை பார்த்தால்
மரப்பட்டை மல்லாந்து கிடக்கிறது.
ஊறுகாய் மூடியைக் காணோம், மேலே மண்மேடு.
தெர்மாமீட்டருக்குப் பின்னால்,
நான் எதுவுமே வைக்காத மூலையில்
ஒரு கறுத்த வாய்.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
எலிக்கு யாரும்
பதினெட்டு டாலருக்கு மரப்பட்டை வாங்கித் தந்ததில்லை.

எல்லாம் பாழ் என்று ஒக்சானாவுக்குப் படம் அனுப்பினேன்.
"பிடித்துவிட்டது அவளுக்கு" என்று பதில்.

இன்றும் மூடியைத் தோண்டியெடுத்து,
கழுவி, தண்ணீர் ஊற்றி வைத்தேன்.
சாயங்காலத்துக்குள் புதைத்துவிடுவாள்.
ஸ்வெட்டர் எங்கே போட்டேனோ தெரியவில்லை,
தேடவும் இல்லை.