வாக்கியத்தில் அமைக்க

தண்டையார்பேட்டை, மருந்துக்கடை மாடி.
ஸ்போக்கன் இங்கிலீஷ், ராத்திரி பேட்ச்.
பலகையில் ச்யூ அவுட் என்று எழுதி
அடியில் ரெண்டு கோடு போட்டார் சார்.
ச்யூன்னா மெல்லுறது. அவுட்டுன்னா வெளியே.
"மாவாவா சார்?" என்றான் பின்பெஞ்சு டேவிட்ராஜ்.
சாரே சிரித்துவிட்டார்.

மாவா இல்லையாம்.
ஒருத்தனை இன்னொருத்தன்
சக்கை வருகிற வரைக்கும் திட்டுவதாம்.

இதுக்கு எதுக்கு மாடி ஏறி வரணும்?
எங்க தெருவில் தேசராணி எடுத்துவிட்டால்
தண்ணி லாரிக்காரன் பொறந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து
லாரியின் எஃப்சி தேதி வரைக்கும் வருவாள்.
முடிந்ததும் "பைப்ப புட்றா" என்பாள்.
பிடிப்பான்.

மத்தியானம் நான் வாங்கினது அப்படியில்லை.
மணலி யார்டு, நாற்பதடி கன்டெய்னர்.
சீல் நம்பரில் ஏழுக்குப் பதில் ஒன்று போட்டிருந்தேன்.
பெட்டி கரையில், கப்பல் கடலில்.
மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை.
ஏசி பதினெட்டில் ஓடியது.
ஒரு கெட்ட வார்த்தை கிடையாது,
முழுக்க இங்கிலீஷ்.
புரிந்ததற்கு ஒரு முறையும்
புரியாததற்கு ரெண்டு முறையும் தலையாட்டினேன்.

கொருக்குப்பேட்டை கேட்டு போட்டிருந்தது.
கூட்ஸ். பெட்டிகளை எண்ண ஆரம்பித்து
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
பின்னாலிருந்து ஒரு ஆட்டோ
வண்டி மட்கார்டில் இடித்தது.
அப்பாடா என்றிருந்தது.
நம்ம ஊரு வார்த்தை அத்தனையும்
நாக்கில் குடம் போட்டு இடம் பிடித்து நின்றன.
திரும்பினேன்.
அவன் என் மூஞ்சியைப் பார்த்தான்.
கழுத்தில் தொங்கின ஐடி கார்டைப் பார்த்தான்.
எஞ்சினை அணைத்தான்.
"இன்னா நைனா, கம்பெனில உட்டானா டோசு?"

கேட்டு திறந்துவிட்டது.
எல்லோரும் ஆரன் அடித்தார்கள்.
மட்கார்டு டயரில் உரசிக்கொண்டே
இந்த மாடிப்படி வரைக்கும் வந்தது.

"தணிகைவேல், நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க."

எழுந்தேன்.
எழுவாய் தயாராக இருக்கிறது: மை மேனேஜர்.
செயப்படுபொருள், இதோ, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறது.
நடுவில் வர வேண்டியது மட்டும்
தொண்டை வரை வந்து
திரும்பிப் போகிறது.
ஃபேன் சுற்றுகிறது.
பின்பெஞ்சில்கூட யாரும் சிரிக்கவில்லை.

"வாயில எதுனா வச்சிருக்கீங்களா?" என்றார் சார்.